பதினோராம் அத்தியாயத்தில் நின்ற லிஃப்ட்

"லிஃப்ட்டுக்கு எத்தனை கயிறு இருக்கும்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் கதைக்காரி.

வாசல் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து காலணிக்கு நாடா கோத்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குக் கேக்குற?"

"ஒண்ணை அறுக்கணும்."

"பத்து மாடிக் கட்டடம்னா அஞ்சு கயிறு வெச்சுக்கோ. ஒண்ணை அறுத்தா ஒண்ணும் ஆகாது. மொத்த பாரத்தையும் தாங்க ஒரு கயிறே போதும்."

"அப்ப அஞ்சையும் அறுத்துடறேன்."

"அப்பவும் விழாது. வேகம் ஏறினா அடியில இருக்கிற பிடி தானா ரெயிலைக் கவ்விக்கும். அங்கேயே நிக்கும்."

"ஒரு லிஃப்ட்டை விழ வைக்க இவ்வளவு பாடா?"

"விழக் கூடாதுன்னுதானே எங்களை வேலைக்கு வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி நாடாவைக் குனிந்து பார்த்தார்.

அவள் இரண்டு மாதத்துக்கு ஒரு காதல் நாவல் எழுதுகிறவள். கதைக்காரி என்பது மாடிப்படி ஓரம் நின்று பேசும் பெண்கள் வைத்த பெயர். நாளாவட்டத்தில் தபால்காரர் வரைக்கும் பரவிவிட்டது. அறுபது நாவல்கள் முடிந்திருந்தன. அறுபதிலும் நாயகன் பெரிய இடத்துப் பிள்ளை. ஒன்று கட்டட வடிவமைப்பாளன், இல்லாவிட்டால் இதய மருத்துவன், இரண்டும் இல்லாவிட்டால் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து அப்பாவின் தொழிலைக் கையில் எடுத்தவன். அவர்கள் யாரும் வேலை பார்த்து வாசகர்கள் பார்த்ததில்லை. காலையில் கையெழுத்துப் போடுவார்கள். மாலையில் மழையில் நனைவார்கள். நாயகிகளுக்கும் ஓர் அலுவலகம் இருக்கும். கதைக்குத் தேவைப்படும்போதெல்லாம் அந்த அலுவலகம் அவர்களுக்கு விடுமுறை கொடுத்துவிடும்.

கணவர் இருபத்தொரு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். அறுபது நாவல்களில் ஒன்றில்கூட நீலச் சட்டை போட்ட ஆள் ஒருவன் குறுக்கே நடந்துபோனதில்லை. கதை வேறு, வீடு வேறு என்பது அவள் கட்சி. அவரும் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. பொதுவாகவே அவர் பேச்சு குறைவு. சாப்பிட வாங்க என்றால் வருவார். எப்படி இருக்கு என்றால் நல்லா இருக்கு என்பார். அவ்வளவுதான்.

அறுபத்தொன்றாவது நாவலின் பதினோராம் அத்தியாயத்தில் நாயகனும் நாயகியும் லிஃப்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒன்பது நாளாக அந்த அத்தியாயம் நகரவில்லை. அதனால்தான் முதன்முறையாக அவரிடம் சந்தேகம் கேட்டாள். கேட்டதோடு விட்டிருக்கலாம். எழுதியவரைக்குமான தாள்களை அவர் முன்னால் வைத்து, "படிச்சுட்டு எதாவது தப்பிருந்தா சொல்லுங்க" என்றாள்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நாயகன் லிஃப்டின் மேல்தட்டைக் கையால் குத்தித் திறக்கிறான். ஏறி மேலே நிற்கிறான். நாயகியின் இடுப்பில் கைகொடுத்துத் தூக்குகிறான். இருவரும் கதவைப் பிளந்துகொண்டு அடுத்த மாடிக்குத் தாவுகிறார்கள். படித்து முடித்ததும் அவர் தாள்களை அடுக்கி ஓரம் சரிசெய்தார்.

"கயிறு எப்படி வேணும்னாலும் இருக்கட்டும். இந்தத் தாவுற இடத்த மட்டும் எடுத்துடு."

"அதுதாங்க அந்த அத்தியாயத்துக்கே உயிர்!"

"உயிர் போற இடம் அது."

"படிக்கிறவங்க லிஃப்ட் ரிப்பேர் கத்துக்கவா வர்றாங்க? ரெண்டு பேர் கிட்ட வர்றதைப் பாக்க வர்றாங்க. உங்களுக்குக் கதை புரியாது, விடுங்க."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார்.

"ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிற லிஃப்ட்லேருந்து வெளிய குதிச்சா, லிஃப்ட்டுக்கு அடியில பெரிய சந்து இருக்கும். கால் நழுவினா நேரா பள்ளத்துக்குத்தான். ஒருத்தர் அப்படிப் போனார். அஞ்சு நிமிஷம் பொறுத்திருந்தா நானே கதவைத் திறந்திருப்பேன். முதல்ல பாத்தது நான்தான்."

"எப்ப?"

"நாம இந்த வீட்டுக்கு வந்த வருஷம்."

அவளுக்கு அந்த வருஷம் நினைவிருந்தது. ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.

"காய்ச்சல்னு சொன்னீங்களே?"

"காய்ச்சலும் இருந்துச்சு" என்றார் அவர்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. கூடவே இருக்கிற மனிதரின் ஒரு வாரத்தை இத்தனை வருஷமாகக் காய்ச்சல் என்று நம்பி வைத்திருந்திருக்கிறாள். எழுதிய பக்கங்களைப் புரட்டினாள். நாயகனின் கண் நிறம், அவன் போடும் வாசனைத் திரவியம், சட்டைக்குப் பொருத்தமான கைக்கடிகாரம் எல்லாம் இருந்தன. அவன் பகல் முழுக்க என்ன செய்கிறான் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. இதைக் கண்டுபிடித்ததில் அவளுக்குப் பெருமை ஒன்றும் ஏற்படவில்லை.

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது, "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள்.

"எங்க?"

"உங்க வேலைக்கு."

"அங்க என்ன இருக்கு பாக்க? கிரீஸ்."

"கிரீஸைப் பாக்கறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மெஷின் ரூமுக்குள்ள வரக்கூடாது. கதவு திறந்திருக்கும்போது பக்கத்துல வரக்கூடாது. படியில உக்காரலாம். சரியா?"

சரி என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் கட்டடத்தில் கூட வேலை பார்க்கும் மீசை காத்திருந்தார். பெயருக்கேற்ற மீசை, முகத்தில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியும். "என்னண்ணே, அண்ணியே இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துட்டாங்க, இன்னைக்கு ஒழுங்கா வேலை செய்யணும்போல" என்று சிரித்தார்.

ஆனால் வேலை என்று அவள் நினைத்து வைத்திருந்தது ஒன்று, நடந்தது வேறு. ராட்சதச் சக்கரங்களோடு மல்லுக்கட்டுவார்கள் என்று பார்த்தால், அவள் கணவர் ஒவ்வொரு மாடியிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கதவு ஓடும் பள்ளத்தைப் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்தார். ஒரு கொண்டை ஊசி வந்தது. பிஸ்கட் தாள், ஒற்றைக் காதுத் தோடு, உடைந்த பென்சில் முனை, எறும்பு மொய்த்த மிட்டாய். "பத்து கம்ப்ளெயின்ட் வந்தா ஆறு இதாலதான்" என்றார் மீசை. "கதவு ஒரு நூல் அளவு மூடலன்னா லிஃப்ட் கிளம்பாது. ஜனங்க கயிறைப் பாத்து பயப்படுறாங்க. எங்களுக்கு மிட்டாயைப் பாத்தாதான் பயம்."

ஒவ்வொரு மாடியிலும் சுத்தம் செய்த பிறகு அவர் கதவில் உள்ளங்கையைப் பதித்து அது மூடும்வரை கூடவே கொண்டுபோனார். தூங்கும் குழந்தையின் அறைக்கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. ஏதோ ஒரு மாடியில் மட்டும் தலையை ஆட்டினார். மறுபடி உட்கார்ந்து ஒரு திருகை அரைச் சுற்று முடுக்கினார். அவளுக்கு முந்தைய கதவுக்கும் இந்தக் கதவுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நோட்டில் 'அரைச் சுற்று' என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

பதினொரு மணி சுமாருக்கு அழைப்பு வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்பில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக.

போய்ச் சேர்ந்தபோது மொட்டைமாடி மெஷின் ரூம் பூட்டியிருந்தது. சாவி குடியிருப்புச் செயலாளரிடம். செயலாளர் அலுவலகத்தில். மீசை வண்டியை எடுத்துக்கொண்டு சாவி வாங்கப் பறந்தார். மேலே சக்கரத்தைக் கையால் சுற்றாமல் லிஃப்ட்டை மாடிக்குக் கொண்டுவர முடியாது. மீசை திரும்பும்வரை கணவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அவர் நான்காம் மாடிக் கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவள் ஐந்தாம் மாடிக்கு ஏறும் படியில் நாலு படி தள்ளி உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் விடாமல் கேட்டது. "மூச்சு முட்டுது! யாராவது இருக்கீங்களா? கதவைப் பிரிச்சுட்டு இறங்கட்டுமா?"

"அம்மா, நான் லிஃப்ட் மெக்கானிக். உங்களுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். கதவுல கை வைக்காதீங்க. மேல பாருங்க, சின்னச் சின்ன ஓட்டை தெரியுதா? அதுவழியா காத்து வந்துட்டே இருக்கும். இந்த லிஃப்ட் விழாது, உங்களையும் விழ விடாது. என் ஆள் சாவி எடுக்கப் போயிருக்கார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணிக்கு மேல ஆகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

உள்ளே அழுகை வெடித்தது. பயப்படாதீங்க என்று இப்போது சொல்வார் என்று கதைக்காரி எதிர்பார்த்தாள். அவள் நாயகர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை.

"நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க?"

அழுகை ஒரு கணம் தடுமாறியது. "என்ன?"

"என்ன வேலைன்னு கேட்டேன்."

"தையல். தச்ச துணியைக் கொடுக்கத்தான் ஏழாம் மாடிக்கு வந்தேன்."

"எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். பொத்தான் துளை வெட்டுறீங்களே, முதல்ல வெட்டிட்டு ஓரம் தைப்பீங்களா, தச்சுட்டு வெட்டுவீங்களா?"

"அது…" தையற்காரம்மா மூக்கை உறிஞ்சினார். "மெஷின்ல போட்டா தச்சுட்டு வெட்டணும். கையால போட்டா வெட்டிட்டுத் தைக்கணும். நான் கையாலதான் போடுவேன்."

"ஏன்? மெஷின்ல சுளுவா முடியுமே."

"சுளுவுதான். ரெண்டு சலவையில நூல் பிரிஞ்சு தொங்கும். கையால போட்டா சட்டை கிழிஞ்சாலும் துளை கிழியாது."

பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. வழுக்கும் துணியை எப்படி வெட்டுவது, அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளிழுக்கும் ஆண்களை எப்படிச் சமாளிப்பது, அவசரம் என்று கொடுத்துவிட்டு மூன்று மாதம் வாங்க வராதவர்களை என்ன சொல்வது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் தையற்காரம்மா ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தார். கதைக்காரியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. தன்னிடம் ஒரு மாதத்தில் பேசாத பேச்சை இந்த மனிதர் ஒரு மூடிய கதவிடம் அரை மணியில் பேசிவிட்டார்.

அப்புறம் தையற்காரம்மாவின் குரல் தாழ்ந்தது. தன் மகளிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பயந்து, அழுது, சிரித்து முடித்த பிறகு வருகிற பேச்சு அது. அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் நெற்றியைக் கதவில் சாய்த்து, "சரிம்மா. என்னோட இருக்கும்" என்றார். தையற்காரம்மா என்ன சொன்னார் என்பது இந்தக் கதையில் வராது. ஏன் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

மீசை சாவியோடு வந்து மேலே ஏறினார். கணவர் கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, முக்கோணச் சாவியால் கதவை ஒரு விரற்கடை திறந்து உள்ளே பார்த்தார். "கரன்ட் நிறுத்தியாச்சா? சரி, பிரேக்கை விடு. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இன்னும். போதும், போதும்." லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

கதவு திறக்கப்போகிறது என்று தெரிந்ததும் கதைக்காரி ஏனென்று யோசிக்காமலே எழுந்து, படி வளைவுக்கு மேலே போய் மறைந்து நின்றாள். கீழே தையற்காரம்மா வெளியே வரும் சத்தமும், தண்ணீர் குடிக்கும் சத்தமும் கேட்டன. "மூணு மாடிதானே, நான் படியிலேயே ஏறிக்கறேன்" என்று அவர் சொன்னபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, ஆறாம் மாடி வரைக்கும் ஓடி, யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் நின்று அழைப்புமணியை அழுத்தப்போகிறவள் மாதிரி விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். துணிப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் மெல்ல அவளைக் கடந்து ஏறிப் போனார். முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

மதியம் வண்டியில் திரும்பும்போது சிக்னலில் நின்றார்கள். "என்கிட்ட இப்படிப் பேசினதே இல்லையே நீங்க" என்றாள் அவர் முதுகைப் பார்த்து.

"நீ மாட்டிக்கிட்டதில்லையே."

"மாட்டிக்கலன்னு யார் சொன்னது?"

அவர் சிரித்தார். சிக்னல் விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரங்கட்டி, ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது.

"எதுல மாட்டிக்கிட்ட?"

"பதினோராம் அத்தியாயத்துல. ஒன்பது நாளா."

"ஒரு அத்தியாயத்த எங்கேருந்து ஆரம்பிப்ப? முதல் வரியிலேருந்தா, இல்ல நடுவுலேருந்தா?"

இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எத்தனை பிரதி போகும் என்று கேட்டிருக்கிறார்கள், கற்பனையா அனுபவமா என்று கண்ணடித்திருக்கிறார்கள். அவள் சொல்லத் தொடங்கினாள். கடைசி வரியை முதலில் எழுதி வைத்துக்கொள்வதை, பேச்சு வராத கதைப் பாத்திரத்தை அடுப்படியில் கழுவாத பாத்திரம் பக்கத்தில் நிறுத்திப் பேச வைப்பதை, சில நாயகர்களைத் தனக்கே பிடிக்காது என்பதை. அவர் வண்டியில் சாய்ந்து நின்று கேட்டார். இடையில் இரண்டு அழைப்பு வந்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் யாருமில்லை என்று தெரிந்ததும் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான்கு நாளில் பதினோராம் அத்தியாயம் முடிந்தது. அதற்காக முதல் பத்தையும் கலைக்க வேண்டியிருந்தது. நாயகன் மெக்கானிக் ஆனான். சாப்பிடும் முன் சோப்புத் தூள் போட்டு மூன்று முறை கை கழுவினான். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு நின்றது. நாயகிக்கும் இனி ஏதோ ஓர் அலுவலகம் போதாது என்று தோன்றியது. கல்யாணத்துக்கு முன் தான் பார்த்த பிழைதிருத்தும் வேலையைக் கொடுத்தாள். லிஃப்டுக்குள் மாட்டியவள் நாயகி. கதவுக்கு வெளியே உட்கார்ந்து வேலையைப் பற்றிக் கேட்கிறவன் நாயகன். தையற்காரம்மா தாழ்ந்த குரலில் சொன்னதை அப்படியே நாயகியின் வாயில் வைத்தாள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது. அறுபது நாவலில் இப்படி ஒரு பக்கம் அமைந்ததில்லை.

அவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"நல்லா இருக்கு. ஆனா இது வேணாம்."

"ஆளை மாத்தியிருக்கேன், வேலையை மாத்தியிருக்கேன். அவங்களே படிச்சாலும் தெரியாது."

"அவங்களுக்குத் தெரியும்."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையே. நான்தானே கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன். மூஞ்சி தெரியாத ஆள்கிட்ட, கதவு மூடியிருக்குங்கிற தைரியத்துல சொன்னது. படியில நீ உக்காந்திருந்தது அவங்களுக்குத் தெரியாது. என்னோட இருக்கும்னு நான் சொன்னேன். அதுவும் என் வேலையிலதான் சேரும்."

அவளுக்குக் கோபம் வந்தது. நிஜத்தை எழுது என்பதும் இவர்தான், எழுதாதே என்பதும் இவர்தானா என்று கேட்டாள். அன்றும் மறுநாளும் தேவைக்கு மேல் பேசவில்லை. பாத்திரங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக அலமாரிக்குள் போயின. ஆனால் ஆறாம் மாடியில் யாரோ வீட்டு அழைப்புமணி முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒளிந்துகொள்ளச் சொல்லி அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் கால்களுக்கே தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தை எடுத்தாள். அதன் இடத்தில், நாயகி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள், நாயகன் அதை யாரிடமும் சொல்லவில்லை என்று இரண்டே வரி எழுதினாள். படித்துப் பார்த்தாள். பழைய பக்கம் அளவுக்கு அது அழ வைக்கவில்லை. ஆனாலும் நாயகனை அப்போதுதான் அவளுக்குப் பிடித்தது.

பத்திரிகை ஆசிரியர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "ஹீரோ லிஃப்ட் மெக்கானிக்கா? சரி, கடைசியில அந்த லிஃப்ட் கம்பெனி முதலாளியோட பிள்ளைன்னு தெரிய வருதா?"

"இல்லங்க."

"கடைசி வரைக்கும் மெக்கானிக்தானா?"

"கடைசியில சீனியர் மெக்கானிக்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அட்டையில கார் வரைஞ்சாச்சேம்மா!"

"கார் இருக்கட்டுங்க. தெருவுல நிக்கட்டும்."

நாவல் வந்தது. கூடுதலாகவும் போகவில்லை, குறைவாகவும் போகவில்லை. கடிதங்கள் மட்டும் வேறு மாதிரி வந்தன. லிஃப்ட் ஏன் விழவில்லை என்று ஒருவர் கோபப்பட்டிருந்தார். நாயகன் அழகனா இல்லையா, தெளிவாகச் சொல்லவும் என்று ஒருவர். ரொட்டி அடுமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் முன்கையில் இருக்கும் தீக்காயத் தழும்புகளுக்கு எல்லாம் கணக்குச் சொல்லி நாலு பக்கம் எழுதியிருந்தாள். காதலைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆசிரியர் அம்மா அடுத்த நாவலுக்குத் தொழிலதிபர் ஒருவரைக் கேட்டார். கதைக்காரி ஒப்புக்கொண்டாள். அதுவும் அவள் வேலைதான். ஆனால் அந்தத் தொழிலதிபர் என்ன தயாரிக்கிறார் என்று ஒரு வாரம் அலைந்து விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீசையின் மனைவி பேசினார். கல்யாண வீடுகளில் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி, தொலைபேசியில் பேசியதில்லை.

"அண்ணி, கதையைப் படிச்சேன். எங்க வீட்டுக்காரர் உள்ளங்கையில எப்பவும் ஒரு காய்ப்பு இருக்கும். பதினாலு வருஷமா மூட்டை தூக்குறாரோன்னு நினைச்சிட்டிருந்தேன். லிஃப்ட் சக்கரத்தைச் சுத்திச் சுத்தி வந்ததாம். கேட்டதுக்கு அப்புறம் சொல்றார்." கொஞ்சம் தயங்கினார். "ஒரு நாள் நானும் வந்து பாக்கலாமான்னு அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா? அவர்கிட்ட கேட்டா வெக்கப்படுறார்."

கதைக்காரி தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கணவரிடம் கேட்டாள். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நீலச் சட்டையின் தோளை உதறி இழுத்துக் கொடியில் போட்டார்.

"செவ்வாய்க்கிழமை வரச் சொல்லு. மொட்டைமாடியில வெயில் அடிக்கும், தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.